பிடி விடாத மோட்டார்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. நடுவில் கழற்றிப் போட்ட பொம்மை வண்டி, அதன் இரு பக்கமும் இரண்டு மோட்டார்கள், சால்டரிங் அயர்ன், ஈயச் சுருள், கீழே விழுந்தால் கண்ணில் படாத அளவுக்குச் சின்னத் திருகாணிகள். மனைவி நின்றுகொண்டே சாப்பிட்டாள். கையில் தட்டு, தோளில் பை.

"இதுல எது நமக்குச் சோறு போடும்?" என்று மோட்டார்களைக் கரண்டியால் காட்டினாள்.

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"முந்தாநாளும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தீங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு சும்மாதான் கிடக்கு."

அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கிடங்கில் ஒட்டிய பெயர் பம்பரம். நின்ற இடத்தில் நிற்கமாட்டான், உட்கார்ந்தால் முட்டி ஆடும், முட்டியைப் பிடித்தால் கட்டைவிரல் ஆடும். பேனா மூடி, டார்ச் விளக்கு, கதவுத் தாழ்ப்பாள் என்று எது கையில் அகப்பட்டாலும் டக் டக் என்று அழுத்திக்கொண்டே இருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து சினிமா பார்க்க முடியாது என்பது மனைவியின் நெடுநாள் புகார்.

பொருட்களைப் பெட்டி கட்டி அனுப்பும் அந்தக் கிடங்கில் வருடக்கணக்காக இரவு ஷிஃப்ட் பார்த்தான். ஊர் எழுந்திருக்கும்போது திரை போட்டுப் படுப்பது, ஊர் விளக்கணைக்கும்போது சோறு கட்டிக்கொண்டு கிளம்புவது. போன மாதம் ஒரு நாள் பாதி ஷிஃப்டில், கையிலிருந்த ஸ்கேனரை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஒட்டி, பெல்ட்டில் அனுப்பிவிட்டு வெளியே நடந்துவிட்டான். சண்டை எதுவும் இல்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இரவிலும் தூக்கம் வரவில்லை, பகலிலும் வரவில்லை.

கிடங்கு மேற்பார்வையாளர் விடவில்லை. ஆள் பஞ்சம். திங்கட்கிழமை வந்தால் இடம் இருக்கிறது, வராவிட்டால் வேறு ஆள் என்று போனில் சொல்லிவிட்டார். மனைவியும் சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அங்க போங்க, இல்ல இன்னொண்ணைப் பிடிங்க. நடுவுல நின்னு ஆடிக்கிட்டிருக்காதீங்க."

அந்த இன்னொன்று மாமாவிடம் இருந்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கிற ஒப்பந்தக்காரர். ஒரு பழைய நூலகத்தில் கேபிள் போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. வாசிப்பறையின் உள்கூரை முழுக்கச் சுதையால் செய்த பூவேலை. அதில் ஓட்டை போடக்கூடாது, கீழே குழாய் ஓட்டக்கூடாது. உள்கூரைக்கும் மேல்கூரைக்கும் நடுவில் ஒரு பூனை போகிற இடைவெளி. இந்தக் கோடியில் ஒரு சின்னக் கதவு, அந்தக் கோடியில் ஒன்று. நடுவில் உத்தரங்கள், உபயோகத்தில் இல்லாத குழாய்கள், பல வருடத்துத் தூசி. குச்சியை நீட்டிப் பார்த்து மாமா தோற்றுவிட்டார்.

"மாப்ள, உன் பொம்ம பாறையெல்லாம் ஏறும்னு பீத்திக்குவியே. சனிக்கிழமை அது கேபிள் இழுக்கற கயித்தை இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேத்துடுச்சுன்னா, நீ என்கூடவே வந்துடு. இப்படி எட்டாத கூரை ஊர் பூரா இருக்கு."

வண்டி உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு, கல் மேல் கல்லாகத் தவழ்ந்து ஏறும். கிடங்கின் ஓய்வு நேரத்தில் அட்டைப் பெட்டி மலைகளில் அதை ஏற்றித்தான் அவன் பைத்தியம் பிடிக்காமல் இருந்தான். ஆனால் அதில் வந்த மோட்டார் சோப்ளாங்கி. சும்மா ஏறும், பின்னால் கயிற்றைக் கட்டிவிட்டால் மூச்சு வாங்கும். ஆகவே மோட்டாரை மாற்ற வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் இத்தனை கூத்தும்.

ரிமோட் வண்டிக் கடைக்கார அக்கா இரண்டைக் கொடுத்திருந்தாள். பொம்மைக் கடை என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

"இது வேகம்," என்று குட்டையான ஒன்றை உருட்டிவிட்டாள். "எடை இல்ல. விரலை எடுத்தா சக்கரம் தானா உருளும். உன் குணத்துக்கு இதான் ஒத்துப்போகும்."

"அது?"

"அது இழுவை. மெதுவாப் போகும், எருமை மாதிரி இழுக்கும். கூடவே இந்தக் கட்டுப்பாட்டுப் பலகை வருது. விரலை எடுத்தா எந்தச் சரிவா இருந்தாலும் அப்படியே பிடிச்சுக்கும், நங்கூரம் போட்ட மாதிரி." கடையிலிருந்த செயற்கைப் பாறையில் ஒரு வண்டியைச் செங்குத்தாக ஏற்றி விரலை எடுத்துக் காட்டினாள். வண்டி பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. "வீட்டுல வெச்சு யோசி. ஒண்ணைத் திருப்பிக் கொண்டா. ஆனா ஈயம் வெச்சுட்டா அது உன்னோடது, திருப்பி எடுக்கமாட்டேன். அப்புறம் இந்த இழுவைல ஒரு விஷயம் இருக்கு, நீ நல்லாக் கேட்டுக்க—"

அவன் படி இறங்கியிருந்தான். எந்தப் பேச்சையும் முற்றுப்புள்ளி வரை கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

மனைவி கிளம்பிப் போனபின் அவன் மேசையைச் சுற்றி நடந்தான். கை வேக மோட்டாரைத்தான் எடுத்தது. எடுத்ததை வைத்தான். மறுபடி எடுத்தான். இத்தனை வருடம் அவசரத்தில் செய்த காரியங்கள் எல்லாம் கண்முன் வந்தன. பெட்டிக்குள் ஸ்கேனரை வைத்து ஒட்டியது உட்பட. ஒரு தடவையாவது நிதானமானதைத் தேர்ந்தெடுப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுவை மோட்டாருக்கு ஈயம் வைத்தான். ஈயம் ஆறுவதற்குள்ளேயே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் அது அவனுடையதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வரை வீடு மலைப்பிரதேசமாக இருந்தது. செருப்புக் குவியல், தலையணை, கவிழ்த்த வாளி, சாய்த்து வைத்த நாற்காலி எல்லாவற்றின் மேலும் வண்டி கயிற்றை இழுத்துக்கொண்டு தவழ்ந்தது. ஓட்டம் முடிந்ததும் சார்ஜரில் போடுவான், நிறைந்ததும் எடுப்பான். வண்டி ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம். தோற்றது மனைவியின் கால் மட்டும்தான். வேலை முடிந்து வந்தவள் அலமாரியைத் திறக்க, சுவிட்சை அணைத்து மேலே வைத்திருந்த வண்டி தானாக உருண்டு நேரே அவள் கட்டைவிரலில் விழுந்தது.

"நங்கூரம் நங்கூரம்னு சொன்னீங்களே, இதுவா?"

"அணைச்சிருந்தா பிடிக்காது. மின்சாரம் இருந்தாத்தான் பிடி."

"அப்ப அதுவும் உங்கள மாதிரிதான். இருந்தாலும் தொல்லை, இல்லாட்டியும் தொல்லை."

சனிக்கிழமை நூலகம் பொதுமக்களுக்கு மூடியிருந்தது. நூலகர் அம்மா மட்டும் சாவிக் கொத்தோடு வந்திருந்தார். வாசிப்பறையின் நீண்ட மேசைகள்மேல் துணி விரித்திருந்தார்கள். மேலே சுதைப் பூக்கள், கொடிகள், ஒவ்வொன்றும் விழுந்தால் மண்டை உடையும் கனம்.

"மேல எதுவும் தங்கிடக்கூடாது," என்றார் நூலகர். "அந்த பேட்டரி தீப்பிடிக்கும்னு எங்கேயோ படிச்சேன்."

"படிக்கிற இடத்துல வேலை பாத்தா இதான் தொல்லை," என்று மாமா முனகினார். பிறகு உரக்க, "ஒண்ணும் ஆகாதும்மா. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது."

ஏணியில் ஏறி பம்பரம் வண்டியைக் கதவுக்குள் விட்டான். அதன் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு, ஒரு சின்ன கேமரா. படம் அவன் போனில் தெரிந்தது. மாமாவின் நைலான் கயிறு பின்னால் வால் போல் நீண்டது. தூசியில் சக்கரத் தடம் போட்டுக்கொண்டு வண்டி போயிற்று. முதல் உத்தரம் ஏறி இறங்கியது. இரண்டாவது. ஏணியின் நடுப்படியில் நின்றபடி அவன் கட்டைவிரலால் முன்சக்கரத்தை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தான், பழக்கம். வழி தெரியாமல் வண்டியை ஒரு மூலைக்கு விட்டுத் திருப்பினான். கயிறு ஒவ்வொரு உத்தரத்திலும் உரசி உரசிக் கனத்துக்கொண்டே வந்தது. மோட்டார் இழுத்தது. எருமைதான், சந்தேகமில்லை.

பாதியைத் தாண்டி ஒரு இரும்புக் குழாய். வண்டி அதன்மேல் ஏறியது, முன்சக்கரங்கள் மறுபக்கம் இறங்கின, நின்றது.

விரலை அழுத்தினான். அசையவில்லை. பின்னால் அழுத்தினான். அதுவும் இல்லை. முன்சக்கரத்தை மட்டும் திருப்ப முடிந்தது. விளக்கு எரிந்தது, படம் வந்தது, ஓட்டம் இல்லை.

"என்ன மாப்ள, தியானம் பண்றியா?"

"மோட்டார் ஓட மாட்டேங்குது."

"அப்ப இழுத்துடு."

இழுத்தான். முன்சக்கரங்கள் குழாயில் கொக்கி போல மாட்டிக்கொண்டன. உருண்டால் ஏறி வந்துவிடும். உருளவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான். மேலே எங்கோ மளுக் என்றது. சுதைத் தூள் கொஞ்சம் நூலகரின் தோளில் உதிர்ந்தது.

"போதும்!" என்றார் அவர், தூளைத் தட்டாமலே.

"ரிமோட்டை அணைச்சுப் பாரேன்," என்றார் மாமா.

"அணைச்சாலும் பிடி விடாது மாமா. சுவிட்ச் வண்டியில இருக்கு."

அந்த நேரம் பார்த்துப் படத்தின்மேல் மேற்பார்வையாளரின் அழைப்பு வந்து உட்கார்ந்தது. தள்ளிவிட நினைத்த விரல் எடுத்துவிட்டது. வாசிப்பறை முழுக்கக் கேட்டது: "திங்கள் வர்றியா, இல்லையா? ஒரே வார்த்தை."

ஒரே வார்த்தைதான். கூரையைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார்.

"சாயங்காலம் சொல்றேன்," என்று வைத்தான்.

பிறகு மாமாவின் போனை வாங்கிக் கடைக்கார அக்காவைப் பிடித்தான். நடந்ததைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு மாமாவுக்கும் கேட்டது.

"அன்னிக்கு அதைத்தாண்டா சொல்ல வந்தேன். நீ படியிறங்கிட்ட. அது பேட்டரியக் குடிக்கும். பாதிக்குக் கீழ போச்சுன்னா பேட்டரி கெடக்கூடாதுன்னு ஓட்டத்தை நிறுத்திடும். ஆனா பிடிய விடாது. சரிவுல உருண்டு விழக்கூடாதுல்ல?"

"இப்ப என்ன பண்றது?"

"சுவிட்சை அணை."

"சுவிட்ச் கூரைக்குள்ள இருக்குக்கா."

"அப்ப கூரைய உடை," என்றாள் அவள். அவளுக்கென்ன.

வீட்டில் அவன் என்றைக்கும் சார்ஜரை விட்டு நாலு அடி தள்ளி ஓட்டியதில்லை. பாதி தீர்ந்த பேட்டரி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. வேக மோட்டாரைப் போட்டிருந்தால் இழுத்த இழுப்புக்கு வந்திருக்கும். ஆயுளில் ஒருமுறை நிதானமானதை எடுத்தான், அது கூரைக்குள் உட்கார்ந்து வரமாட்டேன் என்கிறது.

மாமா ஏணியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்கக்கா முகத்துக்காகத்தான் ஒத்துக்கிட்டேன். கூரையில கை வெச்சா இந்த வேலை போச்சு. உன்னைச் சேத்துக்கறதும் போச்சு. புரியுதா?"

புரிந்தது. கட்டைவிரல் தானாக ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டிருந்தது. இடது, வலது, இடது, வலது. போன் படத்தில் விளக்கு வெளிச்சம் லேசாகத் துடிப்பதைப் பார்த்தான். முன்சக்கரம் திரும்பும்போதெல்லாம் மங்கியது.

மனைவியின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது.

"மாமா, இது செத்துட்டா வரும்."

"எது?"

"பேட்டரி. சுத்தமாத் தீந்துட்டா பிடி விட்டுடும். அணைச்சு வெச்சா உருளும், வீட்டுல பாத்திருக்கேன். ஓட்டத்தைத்தான் நிறுத்தியிருக்கு, ஸ்டியரிங் வேலை செய்யுது. இப்படியே ஆட்டிக்கிட்டிருந்தா மிச்சத்தையும் குடிச்சுடும்."

"எவ்வளவு நேரம் ஆட்டணும்?"

"தெரியாது."

"அப்ப அது உனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச வேலை," என்று மாமா மேசையோரம் உட்கார்ந்தார். "ஆட்டு."

ஆட்டினான். இடது, வலது. வேறு யாராவது என்றால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்து விட்டுவிடுவார்கள். இவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. சன்னல் வெயில் மேசைத் துணியில் ஒரு மேசை தள்ளிப் போயிற்று. நூலகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கூரையையும் அவன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சின்ன வயசிலேர்ந்தே இப்படியா?"

"வகுப்புல வெளியே நிறுத்துவாங்க."

"நானா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்." பிறகு தரையில் கிடந்த நைலான் சுருளைக் காலால் தட்டினார். "அவ்வளவு சின்ன வண்டிக்கு இவ்வளவு தடிச்ச கயிறு எதுக்கு? மாட்டைக் கட்டறதுக்கா?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். மெல்லியதை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதை வைத்துத் தடித்ததை இழுப்பது கேபிள் வேலையில் முதல் பாடம். அவரும் மறந்திருந்தார்.

"பைண்டிங் அறையில மெழுகு நூல் இருக்கு. தையல் பிரிஞ்ச புத்தகத்துக்குப் போடறது. கடிச்சாலும் அறாது," என்று நூலகர் எழுந்து போனார்.

அவர் நூல்கண்டோடு திரும்பியபோது படம் மங்கி, கோடு கோடாகி, அணைந்தது. பம்பரம் விரலை நிறுத்தினான். நின்ற விரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, சிலந்தி வலையை எடுக்கிற மாதிரி இழுத்தான். ஒரு தடங்கல். பிறகு கையில் ஏதோ தளர்ந்தது. மேலே கடகடவென்று உருளும் சத்தம் நெருங்கி வந்தது. தூசி மூட்டையாக வண்டி கதவோரம் எட்டிப் பார்த்தது.

யாரும் கைதட்டவில்லை. மாமா பெருமூச்சு விட்டார், அவ்வளவே.

செத்த பேட்டரி இனி குப்பைக்குத்தான். பையில் இன்னொன்று இருந்தது, ஒன்றே ஒன்று. அதைப் போட்டான். நைலானை அவிழ்த்து மெழுகு நூலைக் கட்டினான். ஏணியில் ஏறும்முன் ரிமோட்டின் ஸ்டியரிங்கைப் பார்த்தான். தேவையில்லாத ஒவ்வொரு ஆட்டமும் பேட்டரியிலிருந்து ஒரு வாய் குடிக்கிறது என்பது இப்போது தெரியும்.

"மாமா, என் காலைப் பிடிச்சுக்கங்க."

"எதுக்கு? விழுந்துடுவியா?"

"ஆடுது. ஆடினா விரலும் ஆடும்."

மாமா இரண்டு கையாலும் அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார். திட்டிக்கொண்டேதான் பிடித்தார். வண்டி தன் பழைய தடத்திலேயே போயிற்று. மூலைக்குப் போகவில்லை. உத்தரம், உத்தரம், குழாய். ஏறியது, முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு உத்தரம். அதற்கப்புறம் படத்தின் ஓரத்தில் பகல் வெளிச்சம் ஒரு சதுரமாகத் தெரிந்தது. அந்தக் கோடியின் கதவு. ஏணியை மாற்றி வைத்து நூலகரே ஏறினார், யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கையை உள்ளே விட்டு வண்டியைப் பூனைக்குட்டி மாதிரி கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். நூல் கூடவே வந்தது.

மிச்சம் எல்லாம் மாமாவின் வேலை. நூலில் நைலான், நைலானில் கேபிள்.

கட்டடத்துக்கு வெளியே வேனில் ஏணியை ஏற்றிக் கட்டும்போது மாமா உற்சாகமாக இருந்தார். "திங்கக்கிழமை சூப்பர்மார்க்கெட் ஒண்ணு. பத்து மணிக்கு ஆரம்பிச்சா முடிச்சுடலாம்."

"காலையில பத்தா?"

"காலையில கடைய யாரு மூடுவா? ராத்திரிதான். கடை, ஆபீஸ், பேங்க் எல்லாம் அப்படித்தான். பகல்ல ஆளுங்க தலைக்கு மேல தூசி கொட்ட முடியுமா?"

பம்பரம் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டான். ஏணி சரிந்தது.

"ராத்திரின்னா நான் வரல."

"என்னடா விளையாடறியா? இவ்வளவு பாடுபட்டு?"

"ராத்திரிக்கு இவ்வளவு பாடு எதுக்கு? அங்கேயே போயிருப்பேனே."

"அப்ப வண்டியக் குடு. நானே ஓட்டிக்கறேன்."

கொடுத்தான். ரிமோட்டையும் கொடுத்தான். மாமா வண்டியைத் தரையில் வைத்து நடைபாதை விளிம்பில் ஏற்றப் பார்த்தார். ஏறியது. விளிம்பிலிருந்து ஒரு கல், கல்லிலிருந்து குட்டிக்கரணம். நிமிர்த்தினார். மறுபடி குட்டிக்கரணம். மூன்றாவது தடவை அது மல்லாந்து கிடந்து சக்கரத்தைச் சுற்றியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தோடு.

"பகல்ல மூடியிருக்கற இடமும் இருக்கும்," என்றார் கடைசியில். "பள்ளிக்கூடம் லீவு நாள்ல. இந்த மாதிரி நூலகம். காலியாக் கிடக்கற கட்டடம். தினமும் வராது, சொல்லிட்டேன். வாரத்துல பாதி நாள் நீ சும்மாதான் இருப்ப."

"இருக்கேன்."

"நீயா? சும்மாவா?"

பாதி வேலை என்றால் பாதி வேலைதான். மனைவி என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும், எந்தக் குரலில் சொல்வாள் என்பதும் தெரியும். மேற்பார்வையாளரை அழைத்தான். "வேற ஆள் போட்டுக்கங்க," என்றான். ஒரே வார்த்தை கேட்டவருக்கு மூன்று கிடைத்தது. அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்கார அக்காவிடம் இறங்கி, ஈயம் படாத வேக மோட்டாரை மேசையில் வைத்தான். "இதுக்குப் பதிலா, தூரத்திலேர்ந்தே சுவிட்சை அணைக்கிற மாதிரி எதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல மூணு விஷயம் இருக்கு. முழுசாக் கேட்டுக்கிட்டுத்தான் போகணும்."

"சொல்லுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று ஐந்தாயிற்று, ஐந்தில் ஒன்றுக்குக் கிளைக்கதை வந்தது, யாரோ ஒரு வாடிக்கையாளனின் முட்டாள்தனம் அதற்குள் புகுந்தது. அவன் கதவுப் பக்கம் திரும்பாமல் நின்றான். மேசைமேல் கிடந்த பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டான். டக் டக், டக் டக். அவள் அதைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.